லோன் ட்ரீயில் ஆறாவது ஓட்டு

அந்த ஏப்ரல் கூட்டத்தில் குறிப்பெழுதியவன் நான். லோன் ட்ரீ விளையாட்டுக் கூட்டமைப்புக்கு அட்டவணை போடுவதுதான் என் வேலை. எந்தச் சனிக்கிழமை எந்தக் கல்லூரி யாருடன் மோதும், யார் பஸ் ஏறி எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் என் மேஜையில்தான் முடிவாகும். நான் சேர்ந்தபோது நெப்ராஸ்காவிலும் கான்சஸின் வடக்கு ஓரத்திலுமாகப் பத்துச் சின்னக் கல்லூரிகள் எங்களிடம் இருந்தன. மூன்று கல்லூரிகள் வசதியான வேறு கூட்டமைப்புகளுக்குப் போய்விட்டன. ஒன்று ஒரேயடியாக மூடிவிட்டது. மிச்சம் ஆறு.

ஆறு இருக்கும்வரைதான் எங்கள் சாம்பியனுக்குத் தேசியப் போட்டியில் நேரடி இடம். ஐந்தாகிவிட்டால் அது போய்விடும். அது போனால் நன்றாக ஆடத் தெரிந்த பிள்ளைகள் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். லிண்டால் கல்லூரியில் பத்து மாணவர்களில் ஆறு பேர் விளையாடுவதற்கென்றே வந்தவர்கள். அவர்கள் வராவிட்டால் லிண்டாலுக்கு வகுப்பறைகள் எதற்கு?

அதனால்தான் லிண்டாலின் விளையாட்டு இயக்குநர் வெர்னன் ப்ரூயிட் ஒரு தீர்மானம் கொண்டுவந்திருந்தார். அந்த வருடம் கூட்டத்துக்குத் தலைவரும் அவர்தான். பழைய விதிப்படி ஜூன் முடிவதற்குள் ஒரு கடிதம் கொடுத்துவிட்டு எந்தக் கல்லூரியும் மறுநாளே வெளியேறலாம். இனிமேல் வெளியேறுகிறவர்கள் இரண்டு வருடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்றது வெர்னனின் தீர்மானம். அந்த இரண்டு வருடத்தில் புதிதாக யாரையாவது தேடிப் பிடித்துவிடலாம். நிறைவேற ஆறில் நான்கு ஓட்டு தேவை. மூன்று உறுதியாக இருந்தன. நான்காவது எல்க்டன் கல்லூரியிலிருந்து வரும் என்று வெர்னன் நம்பினார்.

எல்க்டனின் இயக்குநர் மார்லிஸ் டீட்மன். ஐம்பத்து நான்கு வயது, ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. அதே எல்க்டனில் வாலிபால் ஆடி, அங்கேயே கோச்சாகி, பிறகு இயக்குநரானவள். எங்கள் கல்லூரிகளில் ஒன்று மூடப்பட்டது ஒரு பிப்ரவரி மாதம், கூடைப்பந்துப் பருவம் நடந்துகொண்டிருந்தபோது. செய்தி கேட்ட அன்றே மார்லிஸ் இரண்டு வேன்களோடு அங்கே போனாள். உடைமாற்றும் அறையில் பதினோரு பெண்கள் ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார்களாம். அந்தப் பதினோரு பேருக்கும் எல்க்டனில் இடம் வாங்கிக் கொடுத்தாள். அதைப் பற்றி அவள் அதிகம் பேசமாட்டாள்.

கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு அவளுடைய கல்லூரித் தலைவர் டாக்டர் கிராண்ட் வெஸ்ட்ஃபால் அவளை அழைத்துக் கதவைச் சாத்தினார். எல்க்டனை ஒரு பெரிய கூட்டமைப்பு சேர்த்துக்கொள்ளப் போகிறது. அவர்களுடைய ஓட்டெடுப்பு வெள்ளிக்கிழமை. அதுவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது. வியாழக்கிழமை லோன் ட்ரீ கூட்டத்தில் வெர்னனின் தீர்மானம் தோற்க வேண்டும். இல்லாவிட்டால் எல்க்டன் இரண்டு வருடம் மாட்டிக்கொள்ளும், பெரிய இடத்துக்காரர்கள் அதுவரை காத்திருப்பார்களோ என்னவோ.

இதெல்லாம் பிற்பாடு அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வியாழக்கிழமை காலை அவள் முகம் சரியில்லை என்பது மட்டும்தான் தெரிந்தது.

கூட்டம் வழக்கம்போல் எண்பதாம் நெடுஞ்சாலை ஓரத்து மோட்டலில். ஓட்டெடுப்பு இரண்டு மணிக்கு. ஆறு பேர், ஒரு நீள மேஜை, ஜன்னலுக்கு வெளியே கார் நிறுத்துமிடம். மேற்கே வானம் பச்சையும் கறுப்புமாகத் திரண்டுகொண்டிருந்தது. எங்கள் ஊரில் அந்த நிறத்தைப் பார்த்தால் காரை எங்கே நிறுத்தியிருக்கிறோம் என்று முதலில் யோசிப்போம்.

பதினொன்றரை மணிக்குக் காபி மேஜையருகே வெர்னன் அவளைப் பிடித்தார்.

"உன் ஓட்டு நமக்குத்தானே?"

"ரெண்டு மணிக்குத் தெரிஞ்சிடும், வெர்னன்."

"என்னடி இது, என்கிட்டயே அரசியல்வாதி மாதிரி பேசுற? முப்பது வருஷமா உன் டீம்கிட்ட தோத்தவன் நான். அந்த உரிமையிலயாவது நேரா சொல்லு."

"ரெண்டு மணிக்கு," என்று மறுபடி சொல்லிவிட்டு அவள் நகர்ந்துவிட்டாள். வெர்னன் கையில் காபியோடு அப்படியே நின்றார்.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு. மோட்டல்காரர்கள் எப்போதும் தருகிற சில்லி என்கிற காரமான பீன்ஸ்-கறிக் குழம்பும் பட்டை மணக்கும் இனிப்பு ரோலும். மார்லிஸ் தட்டைத் தொடவில்லை. தாழ்வாரத்துக்குப் போய் வெஸ்ட்ஃபாலுக்குப் போன் போட்டாள்.

"டாக்டர், என்னால வேண்டாம்னு ஓட்டுப் போட முடியல. போடாம ஒதுங்கிக்கிறேன், அதுக்காவது சம்மதிங்க."

"ஒதுங்கினா வேற யாராவது மனசு மாறிட்டா என்ன பண்றது? வேண்டாம்னு போடுங்க, மார்லிஸ். இது நான் கேட்டுக்கிறது இல்ல, சொல்றது."

"அப்படின்னா நானும் இப்பவே சொல்லிடுறேன். நான் போட்டா வேணும்னுதான் போடுவேன். ஓட்டு ரெண்டு மணிக்கு. காலேஜ் தலைவரே நேர்ல வந்தா என் நாற்காலி அவருக்குப் போயிடும், அதுதான் விதி. தொண்ணூறு மைல் இருக்கு. இப்ப கிளம்பினா வந்துடலாம்."

எதிர்முனையில் நாற்காலி தள்ளப்படும் சத்தம் கேட்டதாம்.

"நீங்க என்ன பேசுறீங்கன்னு உங்களுக்குப் புரியுதா?"

"புரிஞ்சுதான் போன் பண்ணேன்."

திரும்பி வந்து உட்கார்ந்தாள். சிறிது நேரத்தில் எல்லோருடைய போனும் ஒரே சமயத்தில் அலறியது. ஆலங்கட்டி மழை எச்சரிக்கை, மூன்று மணிக்குள் வரும். கார்வின் கல்லூரியின் டோலோரஸ் ஹ்ருஷ்கா போனைத் தட்டென்று மேஜையில் வைத்தாள். எந்தக் கட்டுப்பாடு வந்தாலும் எதிர்த்து ஓட்டுப் போடுகிறவள் டோலோரஸ். அவளுடைய ஓட்டு வேண்டாம் என்பதுதான், அதில் யாருக்கும் சந்தேகமில்லை. இன்னொரு வேண்டாமும் இருந்தது, கான்சஸ் கல்லூரிக்காரருடையது.

"ஏம்பா வெர்னன், என் புதுக் கார் வெளியில நிக்குது. அது சல்லடை ஆகுறதுக்குள்ள உன் தீர்மானத்தை இப்பவே ஓட்டுக்கு விடேன். தோத்துட்டு எல்லாரும் சீக்கிரம் வீட்டுக்குப் போலாம்."

சிரிப்பு எழுந்தது. வெர்னனும் சிரித்தார். "எனக்கு ஆட்சேபம் இல்ல. யாருக்காவது?"

அப்போது மணி ஒன்று ஐந்து. ஒரு வார்த்தை பேசாமல் இருந்திருந்தால் போதும். ஓட்டு அப்போதே நடந்திருக்கும், அவள் நினைத்தபடி போட்டிருக்கலாம், வெஸ்ட்ஃபால் நெடுஞ்சாலையில் எங்கேயோ இருந்திருப்பார்.

"எனக்கு ஆட்சேபம் இருக்கு," என்றாள் மார்லிஸ். "நோட்டீஸ்ல ரெண்டு மணின்னு போட்டிருக்கு. ரெண்டு மணிக்கே நடக்கட்டும்."

வெர்னனின் கழுத்து சிவந்தது. "எதுக்கு? அதுக்குள்ள என்ன மாறப்போகுது?"

"ரெண்டு மணின்னு சொல்லித்தான் எல்லாரையும் கூப்பிட்டோம்."

"வராதவங்க யாராவது இருக்காங்களா இங்க? ஆறு பேரும் உக்காந்திருக்கோம்!"

ஒருவர் ஆட்சேபித்தால் நேரத்தை மாற்ற முடியாது. வெர்னன் என்னைப் பார்த்து, "எழுதிக்கோ, ராய். எல்க்டன் ஆட்சேபம்," என்றார். அதற்குப் பிறகு அவள் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அடுத்த முக்கால் மணி நேரம் நடுவர்களின் சட்டை நிறம் பற்றி விவாதம் ஓடியது. யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை. மார்லிஸின் கண் ஜன்னலிலேயே இருந்தது. சாலையில் கார் வேகம் குறையும்போதெல்லாம் பென்சிலை இறுக்கிப் பிடித்தாள். அவள் யாரை எதிர்பார்க்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

இரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கதவு திறந்தது. மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்ட வெஸ்ட்ஃபால் உள்ளே வந்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு எல்க்டன் சார்பா நானே உக்காரலாம்னு வந்தேன்."

மார்லிஸ் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள். போய்ச் சுவரோரமாக நின்றுகொண்டாள். வெர்னன் அவளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு மணி என்று அவள் பிடிவாதம் பிடித்தது இதற்குத்தான் என்று நினைத்துவிட்டார் போலும். அந்தப் பார்வையில் இருந்த வெறுப்பை என்னாலேயே தாங்க முடியவில்லை. அவள் எப்படித் தாங்கினாளோ.

வெர்னன் தீர்மானத்தை வாசித்தார். "விவாதம் உண்டா?"

"உண்டு," என்றாள் டோலோரஸ். நாற்காலியைத் திருப்பி வெஸ்ட்ஃபாலை நேராகப் பார்த்தாள். "இருபத்திரண்டு வருஷமா இந்தக் கூட்டத்துக்கு வர்றேன். ஒரு காலேஜ் தலைவர்கூட இந்தக் கதவைத் தாண்டி வந்தது கிடையாது. எங்க தலைவருக்கு இந்தக் கூட்டம் எந்த ஊர்லன்னே தெரியாது. நீங்க இந்த மழையில தொண்ணூறு மைல் வந்திருக்கீங்க. எதுக்கு?"

"நல்ல ஆட்சிமுறையில எனக்கு எப்பவுமே அக்கறை உண்டு, மிஸ் ஹ்ருஷ்கா."

"எல்க்டன் எங்கயாவது கிளம்புதா?"

"இன்னைய தேதியில அப்படி எந்த முடிவும் எடுக்கப்படல."

"இன்னைய தேதி சரி. நாளைக்கு?"

வெஸ்ட்ஃபால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெளியே முதல் ஆலங்கட்டிகள் காரின் கூரைகளில் விழ ஆரம்பித்தன. யாரும் ஜன்னலைப் பார்க்கவில்லை.

"மார்லிஸ், நீ சொல்லு," என்றாள் டோலோரஸ்.

"நான் அவர்கிட்ட வேலை பாக்குறவ, டோலோரஸ். அவர் இங்கதானே இருக்கார். அவரையே கேளு."

டோலோரஸ் மறுபடி அவர் பக்கம் திரும்பினாள். "இந்தத் தீர்மானம் ஜெயிச்சா, அதுக்கு முன்னாடி கடிதம் கொடுத்தவங்களைக் கட்டுப்படுத்தாது. விதியில அப்படித்தான் இருக்கு. உங்க கோட்டுப் பையில கடிதம் இருந்தா இப்பவே மேஜையில வைங்க. மரியாதையா கைகுலுக்கி அனுப்பி வைக்கிறோம்."

வெஸ்ட்ஃபாலின் கை தானாகவே கோட்டுப் பக்கம் போனது. எல்லோரும் பார்த்தோம். கடிதம் அங்கேதான் இருந்தது. ஆனால் பெரிய கூட்டமைப்பின் ஓட்டு மறுநாள்தான். அதற்குள் கடிதத்தைக் கொடுத்து, அங்கே காரியம் கெட்டுப்போனால் எல்க்டனுக்கு இரண்டு பக்கமும் இடமில்லாமல் போகும். கை அங்கேயே சிறிது நேரம் நின்றது. பிறகு இறங்கி மேஜைக்கு வந்தது.

"ஓட்டெடுப்பை நடத்துங்க," என்றார்.

நான் பெயர் படித்தேன். முதல் பெயர் கார்வின். "கடைசியா சொல்றேன்," என்றாள் டோலோரஸ். அதற்கு விதியில் இடம் உண்டு. எல்க்டன், வேண்டாம். லிண்டால், வேண்டும். அடுத்த இரண்டு கல்லூரிகளும் வேண்டும் என்றன. கான்சஸ்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு வேண்டாம் என்றார். மூன்றுக்கு இரண்டு. நிறைவேற நான்கு தேவை.

"கார்வின்," என்று மறுபடி கூப்பிட்டேன். என் பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது.

"எங்களை யாரும் கட்டிப்போடக் கூடாதுன்னு இத்தனை வருஷமா கத்தினவ நான்," என்றாள் டோலோரஸ். "எங்க வேணும்னாலும் போலாம்னு நினைச்சுட்டு இருந்தேன். ஆனா எங்களை யாரும் கூப்பிடலையே. இவரைத்தானே கூப்பிட்டிருக்காங்க." மூச்சு விட்டாள். "வேணும். எழுதிக்கோ, ராய்."

வெர்னன் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். வெஸ்ட்ஃபால் எழுந்து கோட்டின் பொத்தான்களைப் போட்டுக்கொண்டு கதவுவரை போனார். மார்லிஸின் முன்னால் ஒரு கணம் நின்றார்.

"நீங்க போன் பண்ணாம இருந்திருந்தா நான் வந்திருக்கவே மாட்டேன்."

"தெரியும், டாக்டர்."

"திங்கட்கிழமை பேசலாம்."

ஆலங்கட்டி கொட்டிக்கொண்டிருந்தது. அதையும் பொருட்படுத்தாமல் அவர் காருக்கு ஓடினார். வெர்னனுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. மேஜையைச் சுற்றி வந்து அவள் முன்னால் நின்றார்.

"நீதான் அவருக்குப் போன் பண்ணியா?"

"ஆமா."

"ஒரு மணிக்கே ஓட்டு விட்டிருந்தா நீ என்ன போட்டிருப்ப?"

"வேணும்னுதான்."

"அப்ப எதுக்குடி... எனக்கு உயிரே போயிடுச்சு, மார்லிஸ்!"

"அவருக்கு ரெண்டு மணின்னு சொல்லியிருந்தேன்," என்றாள். அதைச் சொன்னபோதுதான் அவள் குரல் உடைந்தது. வெர்னன் அவளைத் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். அவர் அவளைவிட முக்கால் அடி குட்டை. அவர் வழுக்கை அவள் மோவாய்க்குக் கீழேதான் இருந்தது.

ஜூன் மாதம் எல்க்டன் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. காரணம் எதுவும் சொல்லவில்லை. பெரிய கூட்டமைப்பு காத்திருக்கச் சம்மதித்தது. இரண்டு வருடம் கழித்து எல்க்டன் போய்விட்டது. அதற்குள் நாங்கள் இரண்டு கல்லூரிகளைப் பிடித்துவிட்டோம். ஒன்று பக்கத்திலேயே, இன்னொன்று தெற்கு டகோட்டாவில், பஸ்ஸில் எட்டு மணி நேரம். இப்போது நாங்கள் ஏழு. லிண்டால் இன்னும் திறந்திருக்கிறது. போன வருடம் அவர்களுடைய கூடைப்பந்து அணி ஒன்று தவிர எல்லா ஆட்டத்திலும் தோற்றது.

மார்லிஸ் இப்போது ஓர் உயர்நிலைப் பள்ளியில் வாலிபால் சொல்லிக்கொடுக்கிறாள். சம்பளம் பாதிதான். லிண்டாலில் ஒரு வேலை தருவதாக வெர்னன் கூப்பிட்டபோது, "இரக்கப்பட்டுக் கொடுக்குற வேலை எனக்கு வேணாம், கிழவா," என்று சொல்லிவிட்டாளாம். எல்க்டனின் மைதானத்தை அவள் தாண்டித்தான் தினமும் பள்ளிக்குப் போக வேண்டும். வேறு சாலை ஒன்று இருக்கிறது, நாலு மைல் சுற்று. முதல் வருடம் முழுக்க அந்தச் சுற்று வழியில்தான் போனேன் என்று ஒரு நாள் சொன்னாள்.

"இப்ப?" என்று கேட்டேன்.

"பெட்ரோல் விக்கிற விலைக்குக் கட்டுப்படியாகல," என்றாள். சிரிக்கத்தான் பார்த்தாள்.