முட்டைக்குள் மச்சினன்

தம்பியின் இரண்டு கால்களும் வண்டிக்குள் போய்விட்டன. வயிறுதான் வெளியிலேயே நின்று யோசித்துக்கொண்டிருந்தது.

"மூச்ச உள்ள இழுடா," என்றாள் அக்கா.

"இழுத்துட்டுத்தான்க்கா இருக்கேன்."

நடைவழியை அடைத்துக்கொண்டு நின்ற அந்த வெள்ளை வண்டியை நகர்த்தினால்தான், உள் அறையில் கிடக்கும் அவள் கணவரை வெளியே எடுத்து வர முடியும். மூன்று சக்கரம், படுத்தவாக்கில் மிதிக்கும் பெடல், மூக்கிலிருந்து வால்வரை மழை வெயில் படாத கூடு. மேலே தலையை மட்டும் நீட்டிக்கொள்ள ஓர் ஓட்டை. குடிநீர் மீட்டர் பழுதுபார்க்கிற மனிதர், இதில்தான் தினமும் வேலைக்குப் போய் வந்தார். தெரு அதை முட்டை என்றது. அவரை முட்டைக்காரர் என்றது. துணி தைத்துக் கொடுத்து அவள் சம்பாதித்த நல்ல பேரை எல்லாம் விட்டுவிட்டு, அவளையும் முட்டைக்காரர் பெண்டாட்டி என்றே சொன்னது.

நேற்று மதியம் சாப்பிட்டுக் கண்ணயர்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அழுகைக்கு நடுவிலேயே அவளுக்கு ஒரு வைராக்கியம் வந்துவிட்டது. இத்தனை வருஷம் சிரித்தது போதும், இன்று ஒரு நாளாவது இந்த மனிதரை வைத்து யாரும் சிரிக்கக் கூடாது.

நாலு பேர் தூக்கி ஓரமாக வைத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். ஆனால் தம்பி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவன். "லாரியே ஓட்டினவன் நான். இதப் போய் ஆள் வெச்சுத் தூக்குறதா?" என்று மார்தட்டிவிட்டான்.

ஒருவழியாக வயிறு மனசு மாறி உள்ளே இறங்கியது. தம்பி மிதித்தான். வண்டி வாசலைத் தாண்டித் தெருவோரமாகப் போய் நின்றது. அதுவரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. தூறல் போட்டது. புதுச் சட்டை நனையக் கூடாதென்று தலை ஓட்டையைச் சுற்றியிருந்த துணி மூடியின் ஜிப்பைக் கழுத்துவரை சர்ரென்று இழுத்தான். அது சட்டையைக் கவ்விக்கொண்டு, மேலேயும் வராமல் கீழேயும் போகாமல் நின்றுவிட்டது.

"அக்கா..."

அந்த மூடியைத் தைத்தது அவளேதான். கிழியவே கூடாது என்று அவர் கேட்டதற்காக, திட்டிக்கொண்டே இரட்டைத் தையல் போட்டிருந்தாள். இப்போது பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பார்த்தாள். நூல்கூடப் பிரியவில்லை.

தெருமுனையில் அவருடைய ஆபீஸ்காரர்கள் மலர்வளையத்தோடு வந்துகொண்டிருந்தார்கள்.

"கத்தரிக்கோல் எடுத்துட்டு வரேன். அதுவரைக்கும் நீ வாயே தொறக்காத. கண்ண மூடிட்டுப் படு. துக்கம் தாங்காம கெடக்கிறன்னு நெனச்சுக்கட்டும்."

"யாராவது பேச்சுக் குடுத்தா?"

"அசையாத. இன்னிக்கு எவனாவது சிரிச்சான், ஆயுசுக்கும் உன்ன இந்த வீட்டுப் படி ஏத்த மாட்டேன்."

தம்பி கண்ணை மூடினான். ஆள் எப்படியோ, அக்கா சொல் தட்டாதவன்.

கத்தரிக்கோல் லேசில் கிடைக்கவில்லை. வீடு நிறைய ஆள் வருமென்று தையல் சாமான்களை யாரோ பரணில் ஏற்றியிருந்தார்கள். போகும் வழியெல்லாம் ஒவ்வொருத்தராகக் கட்டிப்பிடித்து அழுதார்கள். அவளும் அழுதுவிட்டுத்தான் நகர வேண்டியிருந்தது. ஆபீஸ்காரர்கள் முட்டையின் மூக்கில் மலர்வளையத்தைச் சாத்திவிட்டு, தம்பியைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்கள்.

அவள் கத்தரிக்கோலோடு வாசலுக்கு வந்தபோது அமரர் ஊர்தி வந்துவிட்டிருந்தது. அதில் வந்த இருவரும் முட்டையின் முன்னால் கைகட்டி நின்றார்கள்.

"என்னண்ணே, தலைய வெளிய விட்டுப் பெட்டிய மூடியிருக்காங்க?"

"இப்பல்லாம் புதுசு புதுசா வருது. அவங்க பெட்டி, அவங்க இஷ்டம். நீ தலைமாட்டப் புடி."

பிடித்தார்கள். "ஆளு நல்லா சாப்பிட்டு வாழ்ந்திருக்காரு," என்றான் தலைமாட்டுக்காரன், முக்கிக்கொண்டே.

கத்தினால் தெருவே சிரித்துவிடும் என்று அவள் படியிலேயே நின்றாள். தம்பியோ கொடுத்த வாக்கில் நின்றான். முட்டை முழுக்க ஊர்திக்குள் போகும்வரை பொறுத்தான். அதற்கப்புறம்தான் ஒரு கண்ணை மட்டும் திறந்து, வேறு யார் காதிலும் விழாதபடி மெல்லச் சொன்னான்.

"அண்ணே, நான் இல்லண்ணே. அவரு உள்ள இருக்காரு."

தலைமாட்டுக்காரன் தெருமுனைவரை ஓடினான். திரும்பி வந்தபோது காலில் ஒரு செருப்புதான் இருந்தது.

தெரு முழுக்க அவள் முகத்தைப் பார்த்தது. ஆபீஸ் மேலாளர் கைக்குட்டையை வாயில் அடைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது. அவரை ஒரு பிடி பிடிக்கத்தான் அவள் வாயைத் திறந்தாள். வந்தது சிரிப்பு. அடக்க அடக்கப் பொங்கியது. படியிலேயே உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். அவள் சிரித்த பிறகு தெருவுக்கு என்ன தடை?

சிரித்து ஓய்ந்து கண்ணைத் துடைத்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? சாயங்காலம் வந்ததும் வராததுமாக, சிக்னலில் எவன் வாய் பிளந்தான், எந்த நாய் துரத்திக் களைத்தது என்று அவர் நடித்துக் காட்டுவார். "போதும், மானம் போகுது," என்று மெஷினை வேகமாக ஓட்டுவாள். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தால் அடுப்படிக்குப் போய்விடுவாள். ஒரு நாளும் அவர் எதிரில் சிரித்ததில்லை.

எழுந்து உள் அறைக்குப் போனாள். "எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க," என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். அவர் தலைமாட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"என்னங்க, உங்க மச்சினன் இருக்கானே..."

வெளியே ஊர்திக்குள்ளிருந்து "அக்கா, கத்தரிக்கோலு!" என்று தம்பி கத்திக்கொண்டிருந்தான். அது அவள் மடியில் கிடந்தது. அவள் சொல்லிக்கொண்டிருந்த கதையில் இப்போதுதான் தம்பியின் வயிற்றை வண்டிக்குள் இறக்கிக்கொண்டிருந்தாள்.