முன்னால் ஓடும் சத்தம்

வாஸ்வா பறந்துபோன மறுநாள் முதல், ஒரே சிலிண்டர் உள்ள அவனுடைய மோட்டார் சைக்கிளில் இரண்டு இன்ஜின்கள் ஓடும் சத்தம் கேட்டது. நத்தேத்தே சந்திப்பில் அவன்மீது ஒரு லாரி மோதியிருந்தது. எங்கள் புகாண்டாவில் இரட்டையரில் ஒருவர் போனால் செத்தார் என்று சொல்வதில்லை, பறந்தார் என்பார்கள். இளையவன் காட்டோ அந்த வண்டியை எடுத்துக்கொண்டு, சந்தைக்கு எதிரே வாடகை மோட்டார் சைக்கிள்காரர்கள் சவாரிக்குக் காத்து நிற்கும் ஸ்டேஜில் அண்ணனுடைய இடத்தில் நின்றான். சத்தத்துக்குப் பயந்து யாரும் ஏறவில்லை. ஸ்டேஜ் தலைவர் ஸெபூஃபு சனிக்கிழமை வரை கெடு வைத்தார். “அதுக்குள்ள சரி பண்ணு தம்பி. இல்லேன்னா அண்ணன் இடம் வேற ஆளுக்குப் போயிடும்.”

மூன்று மெக்கானிக்குகள் பார்த்தார்கள். ஒருவர் வால்வு இடைவெளியைச் சரிசெய்தார், இன்னொருவர் டைமிங் செயினை மாற்றினார், மூன்றாமவர் சைலன்சர் நட்டை முறுக்கிவிட்டு ஜெபம் செய்தார். கடைசியில் வண்டி நம்பூஸேயிடம் வந்தது. லுபாகா மேட்டில் ஏறும் வண்டியின் கோளாறைக் கடையில் உட்கார்ந்தபடியே சொல்லக்கூடியவள் அவள். ஓடும் இன்ஜினில் நீள ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, பிடியைக் காதில் வைத்தாள். பிளக் வயரைப் பிடுங்கினாள். ஒரு சத்தம் நின்றது. மற்றது நிற்கவில்லை. அவள் அதற்காக ஆச்சரியப்படவில்லை. அடுத்த கேள்விக்குப் போனாள்.

“எப்பலேருந்து?”

“அண்ணன் செத்ததுலேருந்து.”

இன்ஜின் டங்கென்று இடித்தது. பிடி அவள் காதில் அறைந்தது. திரும்பச் சொல்லச் சொன்னாள். அவன் சொன்னான், இன்னும் பலமாக இடித்தது.

“மேட்டுல இடிக்கல, சூட்டுல இடிக்கல. நீ வாயத் திறந்தாதான் இடிக்குது. இரட்டையாப் பொறந்துட்டு என்ன பேச்சுடா இது?”

“ஆஸ்பத்திரி பாரத்துல அப்படித்தான் எழுதியிருந்துச்சு, அக்கா.”

“பாரம் ஒத்தையாப் பொறந்தது. அதுக்கென்ன தெரியும்?”

காட்டோ வெகுநேரம் பெட்ரோல் டாங்கைத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு, “அண்ணன் பறந்துட்டான்” என்றான். அவன் அதைச் சொன்னது அதுவே முதல்முறை. இடி அடங்கியது. வயரை மாட்டி உதைத்ததும் இரண்டு சத்தங்களும் சீராக ஓடின, ஒன்று இழையளவு முந்தி.

“உனக்கு எவ்வளவு மூத்தவன்?”

“கால் மணி நேரம்.”

“அப்ப சரியாத்தான் இருக்கு. முன்னால ஓடுறது அவன். எடுத்துட்டுப் போ.”

சனிக்கிழமை ஸெபூஃபுவே சோதிக்க வந்தார். அவர் கனத்த ஆள். பின்சீட்டில் ஏறி, மடியில் ஒரு முழு மட்டோகே வாழைக்குலையையும் வைத்துக்கொண்டார். எல்லா வண்டிகளும் முதல் கியருக்கு இறங்கும் லுபாகா மேட்டில் அது டாப் கியரிலேயே ஏறியது. உச்சியில் இறங்கி மூச்சு வாங்கியவர், “சத்தம் இருக்கட்டும்” என்றார். “இடம் ஒண்ணுதான். பேரு ரெண்டா எழுதிக்கிறேன்.”

ஒன்பது வருடங்களாகக் காட்டோ மட்டும்தான் வருகிறான். பட்டியலில் இருவரும் வந்ததாகக் குறிக்கிறார்கள். அவசரக்காரர்கள் மற்ற வண்டிகளை விட்டுவிட்டு அந்த வண்டிக்காகக் காத்திருக்கிறார்கள். அவர்கள் இருவரையும் பெற்ற என்னை ஸ்டேஜில் இன்றும் நாலொங்கோ, இரட்டையரின் தாய், என்றே கூப்பிடுகிறார்கள். நானும் திரும்பிப் பார்க்கிறேன்.