பட்டியலில் நான்காவது இடம்

அப்பாவின் ஃபேக்டரியில் நான்கு வருஷத்துக்கு ஒரு முறை, குடும்பத்தோடு எங்கேயாவது போய்வர பஸ் சார்ஜ் கொடுப்பார்கள். அதற்கு ஒரு ஃபாரம் உண்டு. போகும் ஊர், பார்க்கும் இடங்கள், கூட வருகிறவர்களின் பெயர், உறவுமுறை என்று கட்டம் கட்டமாக இருக்கும். 2003 மார்ச்சில் அந்த ஃபாரம் எங்கள் நீலசந்திரா வீட்டுக்கு வந்தபோது, வழக்கம்போல அப்பா அதை என்னிடம்தான் நிரப்பக் கொடுத்தார். ஒன்பதாவதோடு என் பள்ளிக்கூடம் நின்றுபோனது. ஆனாலும் வீட்டில் எழுதுகிற வேலை எல்லாம் என்னுடையதுதான்.

டோரீன், மனைவி என்று எழுதினேன். ஐரின், மகள் என்று எழுதினேன். அதற்கு முந்தைய ஃபாரத்தில் இந்த இரண்டு வரிக்கும் நடுவில் பிரிஜெட், மகள் என்று ஒரு வரி இருந்தது.

"ஊரு எதுப்பா போடறது?"

"வேளாங்கண்ணின்னு போடு. எல்லாரும் அதத்தான் போடறானுங்க."

"நாலு வாட்டி போயாச்சி" என்றாள் அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமல். "மாதாவுக்கே நம்ம மூஞ்சி சலிச்சிருக்கும்."

நான் ஃபாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "மங்களூரு போலாம்ப்பா. ஹார்பர் இருக்குது. கப்பல் பாக்கலாம்."

அப்பா செய்தித்தாளை மடித்தார். இருபத்தாறு வருஷமாக அவர் லேத்தில் கடைகிற வால்வுகள் கப்பலுக்குப் போகின்றன. அவர் இன்னும் ஒரு கப்பலைக்கூடப் பார்த்ததில்லை.

"கப்பலா?" என்றார். பிறகு, "சரி, பட்டியல் போடு. நம்பர் போட்டு எழுது" என்றார்.

நான் தலை நிமிராமல் ஊர்ப் பெயரை எழுதினேன். மங்களூரில் கப்பல் மட்டுமா இருந்தது, பிரிஜெட்டும் இருந்தாள்.

அக்கா போய் அப்போது நான்கு வருஷம் ஆகியிருந்தது. அவளுக்குத் திருச்சி மாப்பிள்ளை ஒருவரைப் பேசி முடித்து, கோயிலில் ஓலை வாசித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெண் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் சாமியார் வாசிப்பார். யாருக்காவது தடை சொல்ல இருந்தால் சொல்லலாம். இரண்டு ஓலை முடிந்தது. மூன்றாவது ஞாயிறு காலையில், அக்கா முதல் பூசைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவள் வேலை செய்த கம்பெனியில் வண்டி ஓட்டிய ஹரீஷோடு மங்களூருக்குப் போய்விட்டாள் என்பது எங்களுக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது. ஆனால் எட்டரை மணிப் பூசையில் ஞானசேகரன் மகள் பிரிஜெட் என்று சாமியார் வாசித்தபோது அப்பா முதல் வரிசையில் புதுச்சட்டை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்திலிருந்தவர்கள் அவர் கையைக் குலுக்கினார்கள். பிறகு அந்தக் கையைப் பற்றித்தான் பேட்டை முழுக்கப் பேசினார்கள்.

அடுத்த திங்கட்கிழமை நான் பள்ளிக்கூடப் பையை மாட்டியபோது, "ஒருத்தி வெளிய போனது போதும்" என்றார் அப்பா.  நான் பையைக் கழற்றி வைத்தேன்.

கீழ்வீட்டு ருக்கு அக்கா பெயருக்கு பிரிஜெட் எனக்குக் கடிதம் போடுவாள். மங்களூரில் பழைய துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் பெங்ரே என்று மீனவர்கள் இருக்கும் ஊர். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் திட்டு. ஹரீஷின் சொந்தக்காரர்கள் எல்லாரும் அங்கேதான். அவனும் வண்டியை விட்டுவிட்டு மீன்பிடிப் படகில் போகிறான். ஒன்றரை வயதில் லாவண்யா என்று ஒரு பெண் குழந்தை. மங்களூர் பயணம் உறுதியானதை நான் எழுதியதும் பதில் வந்தது.

"ஐரின், இங்கே அக்கரைக்குப் போக படகுதான். ஏறுகிற இடம் கொஞ்சம் உயரம். கைக்குழந்தைக்காரிகள் குழந்தையை முன்னால் ஏறினவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் ஏறுவோம். தெரிந்தவர், தெரியாதவர் கிடையாது. யார் கை நீட்டுகிறாரோ அவர் மடியில் குழந்தை அக்கரை வரைக்கும் உட்காரும். அப்பாவை முன்னால் ஏற்றிவிடு. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

குழந்தையை வாங்கிக்கொண்டால் அப்பா மாறிவிடுவார் என்று நாங்கள் இரண்டு பேரும் நம்பினோம். தெருவில் யார் குழந்தை அழுதாலும் நிற்கிறவர் அவர்.

இன்னொன்றையும் நான் நம்பினேன். ஃபேக்டரியில் ஒவ்வொரு பாகத்தோடும் ஜாப் கார்டு என்று ஒரு அட்டை வரும். அதில் வேலைகள் நம்பர் போட்டு இருக்கும். ஒன்றை முடித்து டிக் போட்டுவிட்டுத்தான் அடுத்ததைத் தொடவேண்டும், எதையும் தாண்டக்கூடாது. அப்பா வீட்டில் வெள்ளையடித்தாலும் கிறிஸ்துமஸுக்குச் சாமான் வாங்கினாலும் அப்படித்தான். தாளில் நம்பர் போட்டு எழுதியதை அவர் விட்டதே இல்லை. அதனால் ருக்கு அக்காவிடமும் டிவியிலும் கேட்டதை வைத்து, குடும்பத்தோடு பார்க்கவேண்டிய இடங்கள் என்று தலைப்புப் போட்டு எழுதினேன். 1. சித்திரம் வரைந்த கோயில். 2. லைட் ஹவுஸ் குன்று. 3. மீன்பிடித் துறைமுகம். 4. பெங்ரே படகு. 5. கத்ரி பூங்கா, குட்டி ரயில். 6. பணம்பூர் கடற்கரை, பெரிய கப்பல்கள்.

ஏப்ரல் முதல் வாரம் போனோம். முதல் நாள் அப்பா சின்னப் பையன்போல இருந்தார். கோயில் கூரை முழுக்க இருந்த படங்களைக் கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்தார். லைட் ஹவுஸ் குன்றில் அம்மாவை நிற்கவைத்து போட்டோ எடுத்தார். அம்மா, "பல்லு தெரியுதா?" என்றாள். "பல்லு மட்டுந்தான் தெரியுது" என்றார். நான்கு வருஷத்தில் அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. இரண்டாம் நாள் காலையில் மீன்பிடித் துறைமுகத்தில் கூடை கூடையாக மத்தி மீன் ஏலம் போனது. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டே விலை விசாரித்தாள். அப்பா மூன்றுக்கு டிக் போட்டார்.

அக்கா எழுதியிருந்த பத்து மணிப் படகுக்கு நின்றோம். கூட்டத்தின் கடைசியில் முக்காடு போட்டு ஒருத்தி குழந்தையோடு நின்றாள். மெலிந்து கறுத்திருந்தாள். நான் அவளைப் பார்க்காததுபோல அப்பா பக்கம் திரும்பினேன்.

"நீங்க முன்னாடி ஏறுங்கப்பா" என்றேன்.

அம்மாவுக்குத் தண்ணீரென்றால் பயம். ஏறியதும் நடுப்பலகையில் உட்கார்ந்து கண்ணை இறுக மூடிக்கொண்டு ஜெபமாலையை எடுத்துவிட்டாள். ஒரு மீன்காரி அப்பாவிடம் ஒரு பையனைக் கொடுத்தாள். அவன் பாட்டி வந்து வாங்கிக்கொண்டாள். பிறகு முக்காட்டுக்காரியிடமிருந்து இரண்டு கைகள் மாறி ஒரு பெண் குழந்தை வந்தது. அப்பா இரண்டு கையாலும் வாங்கினார். குழந்தையின் அம்மா படகின் பின்பக்கம் ஏறி, வலைக்கட்டுக்கு அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்தாள்.

படகு கிளம்பியது. அப்பா குழந்தையிடம் கன்னடத்தில் பெயர் கேட்டார். எங்கள் ஊரில் வீட்டுக்கு வெளியே அவர் பேச்சு கன்னடம்தான். ரேஷன் கடை, கண்டக்டர், வீட்டுக்காரர் எல்லாருடனும் அதுதான். வாசலுக்கு உள்ளே அதில் ஒரு வார்த்தை வந்தாலும் அவருக்குப் பிடிக்காது. குழந்தை பதில் சொல்லவில்லை. தலைக்குமேல் போன பருந்தைக் காட்டி, "காக்கா, பெர்ரிய காக்கா" என்றது.

அப்பா முகம் மலர்ந்தது. "அடி, தமிழ்க் குட்டியா நீ! அது காக்கா இல்லடி கண்ணு, பருந்து. எங்க, சொல்லு பாப்பம்."

"காக்கா."

"சரி, காக்காதான். நீ சொன்னா காக்காதான். கேட்டியா ஐரின், இன்னா அதிகாரம் பாரு இதுக்கு!"

குழந்தை அவர் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடுங்கியது. அவர் விட்டுக்கொடுத்தார். அலை அடித்தபோது அதன் தலையைத் தன் மார்போடு சேர்த்துப் பிடித்தார். நான் பின்பக்கம் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவேன் என்று தெரியும். அக்கரை பத்து நிமிஷம்கூட இல்லை.

படகு மணலில் தட்டியது. அவரே குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, "யாரு மக இது? வாங்கிக்கங்க" என்று தமிழிலேயே கூப்பிட்டார். முக்காடு விலகியது.

"அப்பா" என்றாள் பிரிஜெட்.

அவர் கை குழந்தையைச் சுற்றி இன்னும் இறுகியது. அதை நான் பார்த்தேன், எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன். குழந்தை அவர் மூக்கைத் தொட்டது. பிறகு அவர் கைகள் நீண்டன. வீட்டுக்காரரின் மனைவியிடம் பேசுகிற குரலில், மரியாதையாகச் சொன்னார்.

"தகொள்ளி அம்மா. நிம்ம மகு."

வாங்கிக்கொள்ளுங்கள் அம்மா, உங்கள் குழந்தை. அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். பிரிஜெட் அடிவாங்கியவள்போல ஒரு அடி பின்னால் போனாள். அவர் திட்டியிருக்கலாம். அடிப்பார் என்றுகூட நாங்கள் எதிர்பார்த்திருந்தோம். அடித்தால் வாங்கிக்கொள்வேன் என்று அவள் எழுதியிருந்தாள்.

அப்போதுதான் அம்மா கண்ணைத் திறந்தாள். "எம் பொண்ணு! எம் பொண்ணுங்க!" என்று கத்திக்கொண்டு படகிலிருந்து முழங்கால் தண்ணீரில் குதித்தாள். தண்ணீரென்றால் பயப்படுகிறவள். குழந்தையையும் அக்காவையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள்.

அப்பா குழந்தையின் கையிலிருந்து பேனாவை மெதுவாக எடுத்தார். பட்டியலை விரித்து, நான்குக்கு டிக் போட்டார்.

"ஐரின், அடுத்தது இன்னா?"

நான் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே படித்தார். "கத்ரி பூங்கா. இதே படகு திரும்புது. டோரீன், வா."

"நா வரல" என்றாள் அம்மா.

"நாளைக்குக் காலைல பஸ்சு."

"பஸ்சுக்கும் வரல. நாலு வருசமா உங்க வாயப் பாத்துக்கினு வாய மூடிக்கினேன். இந்தப் புள்ளைக்கு எண்ணெ தேச்சி ஒரு குளிப்பாட்டாம நா எங்கியும் வரமாட்டேன். நீங்க போய் ரயில் ஓட்டுங்க."

பிரிஜெட் என் கையைப் பிடித்தாள். "நீயும் இருடி. அவரு போவட்டும்."

இருக்கத்தான் ஆசை. ஆனால் அவர் ஏற்கனவே படகில் ஏறியிருந்தார். யார் பக்கமும் பார்க்காமல், கால் இரண்டும் நனைந்து, பலகையில் தனியாக உட்கார்ந்திருந்தார். இந்த இடத்தை எழுதியவள் நான். அவரை நம்பவைத்துக் கூட்டிவந்தவள் நான். நான் கையை விடுவித்துக்கொண்டேன். அக்கா அதற்கு என்னை இன்றுவரை எதுவும் சொன்னதில்லை.

மீதி இரண்டு இடங்களையும் பார்த்தோம். குட்டி ரயிலில் முழங்காலை மடக்கிக்கொண்டு அவரும் நானும் ஒரு சுற்று போனோம். பணம்பூரில் தூரத்தில் ஏழு கப்பல்கள் நின்றன. குடும்பம் குடும்பமாக ஆட்கள் அலையில் கால் நனைத்தார்கள். அப்பா வெகுநேரம் கப்பல்களைப் பார்த்தார். வால்வைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் பட்டியலை எடுத்து ஆறுக்கு டிக் போட்டார்.

ஊருக்கு வந்ததும் ருக்கு அக்கா படிக்கட்டில் மறித்தாள். "டோரீனக்கா எங்கண்ணா?"

"சொந்தக்காரங்க வீட்ல நாலு நாள் இருந்துட்டு வரேன்னாப்பா" என்றார் அப்பா. குரலில் எதுவுமில்லை. ருக்கு அக்கா என்னைப் பார்த்தாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு மேலே போனேன்.

மூன்றாம் நாள் அப்பா ஷிஃப்டுக்குப் போனதும் மெயின் ரோட்டு எஸ்டிடி பூத்துக்கு ஓடினேன். பெங்ரேயில் படகுத்துறைக் கடை போன் நம்பரை அக்கா எழுதியிருந்தாள். கூப்பிட்டுக் கொடுத்தார்கள். முதலில் அம்மா பேசினாள். ஞாயிற்றுக்கிழமை வருவாளாம். ஹரீஷ் நல்ல பையன், கொஞ்சம் வாய் ஜாஸ்தி. அப்பாவுக்கு ரசத்தில் புளி குறைத்துப் போடு. பிறகு பிரிஜெட்.

"சாப்புட்றாரா?"

"சாப்புட்றாரு."

"ஐரின், பாப்பாவப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"

இந்த மூன்று நாளில் அவர் என்னிடம் பேசியது பத்து வார்த்தை இருக்காது. அதில் குழந்தை இல்லை.

"ம், சொன்னாரு" என்றேன்.

"நெஜமாவா? இன்னா சொன்னாரு?"

 நல்ல வார்த்தையாக எதைச் சொன்னாலும் அவள் நம்பமாட்டாள் என்று மட்டும் தெரிந்தது. கண்ணாடிக்கு வெளியே ஒரு ஆள் சீக்கிரம் என்று விரலைச் சுழற்றினான்.

"எட கம்மியா இருக்குதாம். சரியா சாப்பாடு குடுக்கறாளா இல்லியான்னாரு."

  அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுதுகொண்டே சிரித்தாள்.

"பல்லு மொளைக்குதுடி, அதான் எளச்சிட்டா. முட்ட தினம் குடுக்கறேன். மீனு முள்ளெடுத்து குடுக்கறேன். அவரு நெனைக்கிற மாதிரி இல்லன்னு சொல்லு. ரெண்டு மாசத்துல நல்லா தேறிடுவான்னு சொல்லு. ஐரின், மறக்காம சொல்லுடி அப்பாகிட்ட."

"சொல்றேன்க்கா" என்றேன்.