மாமனைப் பேர் சொன்னவன்

அழகுபாண்டி எனக்கு அக்கா மகன். என்னைவிட ஆறேழு மாதம்தான் சின்னவன். அம்மாவும் மகளும் ஒரே வருஷத்தில் பிள்ளை பெற்றால் இப்படித்தான். அவனுக்குக் காது குத்தும்போது, அப்போதுதான் நடை பழகியிருந்த என்னைச் சம்மணம் போட வைத்து, என் மடியில் அவனை வைத்து, இரண்டு பேரையும் சேர்த்து என் அப்பா பிடித்துக்கொண்டாராம். நான்தான் அவனைவிட அதிகமாக அலறினேன் என்பார்கள். அலறினாலும் தாய்மாமன் தாய்மாமன்தான். அவன் என் பெயரைச் சொன்னதில்லை. எனக்கு எதிரே காலை நீட்டி உட்கார்ந்ததில்லை.

திருப்பரங்குன்றத்தில் ராணுவத் தேர்வுக்குப் பழக்கிவிடும் ஓர் இடத்தில் இருவரும் சேர்ந்து ஓடினோம். சேர்ந்தே தேர்வானோம். வடக்கே ஒரே பயிற்சி மையத்தில், ஒரே பிரிவில் போய் விழுந்தோம். இந்தியைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டதால் அவனைப் பிரிவுக்குத் தலைவனாக்கிவிட்டார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. காலையில் எங்களை வரிசையில் நிறுத்தி, வந்திருப்பவர்களின் பெயரை அவன் உஸ்தாதிடம் சொல்ல வேண்டும். பயிற்சி கொடுப்பவரை அங்கே உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவது. முதல் நாள் கடகடவென்று பெயர்களைச் சொல்லிக்கொண்டு வந்தவன் என்னிடம் வந்ததும் நின்றுவிட்டான். உஸ்தாத் முறைத்தார். "மாமா" என்றான். இந்தியிலும் அதே சொல்தானாம், வரிசை மொத்தமும் சிரித்தது. உஸ்தாத் எங்கள் இருவரையும் மைதானத்தைச் சுற்றித் தவளை மாதிரி குதிக்கவிட்டார். மறுநாளும் அவன் மாமா என்றே சொன்னான். கடைசியில் உஸ்தாதே அலுத்துப்போய் என்னை மாமா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் ஒருத்தனுக்குத்தான் மாமன், இங்கே ஒரு பட்டாளத்துக்கே மாமன்.

அப்புறம் இடது முழங்காலுக்குக் கீழே எலும்பில் வலி வந்தது. முதலில் ஓடும்போது மட்டும் வலித்தது, பிறகு நிற்கும்போதே வலித்தது. வெளியில் சொன்னால் ஆஸ்பத்திரியில் போடுவார்கள். கால் சரியானதும் அடுத்த பேட்ச் பையன்களோடு முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள். இந்தக் கொடுமையை இன்னொரு தடவை அனுபவிப்பதா?

"மாப்ள, வாயத் தொறந்த, அம்புட்டுத்தான். மாமன் சொல்றேன்" என்றேன்.

"வீங்கியிருக்கு மாமா."

"வீங்குனா வத்தும்."

அவன் வாயைத் திறக்கவில்லை. என் துணியைத் துவைத்தான், எனக்கும் சேர்த்துத் தண்ணீர் தூக்கினான். முதுகில் சுமையோடு நெடுந்தூரம் ஓட வேண்டிய நாள் வந்தது. யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று உஸ்தாத் கேட்டார். நான் நேராகப் பார்த்துக்கொண்டு விறைப்பாக நின்றேன்.

"மொக்கையன்" என்றது ஒரு குரல்.

யாரைச் சொல்கிறார்கள் என்று எனக்கே உடனே விளங்கவில்லை. அழகுபாண்டி வரிசையை விட்டு வெளியே வந்து நின்றிருந்தான். "மொக்கையனுக்கு இடது காலில் வலி. ஓட முடியாது" என்றான்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் எலும்பில் விரிசல். அடுத்த பேட்ச் என்று எழுதி, விடுப்பு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வண்டி ஏற்றிவிட வந்தவனிடம் நான் பேசவில்லை.

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் என் கால் யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. தாய்மாமனை, அதுவும் ஊர்பேர் தெரியாதவர்கள் முன்னால், மொட்டையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டான் என்பதுதான் பேச்சு. பெற்ற தாயான ஒச்சாயி அக்காவே அவனை போனில் கிழித்துத் தொங்கவிட்டாள். கோரிப்பாளையத்தில் எலும்பு டாக்டரிடம் அவள்தான் என்னைக் கூட்டிப்போனாள். "இதோட ஓடியிருந்தா எலும்பு ரெண்டாப் போயிருக்கும். நல்ல நேரத்துல நிறுத்தியிருக்காங்க" என்றார் டாக்டர். அக்கா பஸ்ஸில் வழிநெடுகப் புலம்பினாள்.

"அதுக்காகப் பேரச் சொல்லணுமா? எங்க மாமாவுக்குக் கால் வலின்னு சொன்னா அந்த வாத்தியாருக்குப் புரியாதா?"

நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். டீக்கடையில் யார் கேட்டாலும் அதையே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் போன் வந்தால் எடுக்கவில்லை. கால் தேறிவிட்டது, நடந்தேன், கண்மாய்க் கரையில் ஓடியும் பார்த்தேன். இருந்தாலும் திரும்பிப் போவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். மானத்துக்காகத்தான் போகவில்லை என்று ஊர் நினைத்துக்கொள்ளும். உண்மையில் எனக்குப் பயம்.

நான் ரயிலேற வேண்டிய நாளுக்கு முந்தின நாள் அழகுபாண்டி பயிற்சி முடித்து விடுப்பில் வந்தான். அக்கா அவனை முகம் கழுவக்கூட விடாமல் எங்கள் வீட்டுக்கு இழுத்து வந்தாள். வேடிக்கை பார்க்க அக்கம்பக்கமும் வந்துவிட்டது. என் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"பேரச் சொன்னது தப்பு மாமா. மாமான்னு சொன்னா வரிசையே சிரிச்சிருக்கும், அதான். மன்னிச்சிருங்க."

"கால் விசயத்தச் சொன்னது?"

எழுந்து நின்றான். "அது தப்பில்ல."

"நாளைக்கே திரும்ப இப்பிடி ஆனா?"

"நாளைக்கும் சொல்லுவேன் மாமா."

அக்கா கையை ஓங்கிவிட்டாள். நான் பிடித்துக்கொண்டேன். அவன் கண் கலங்கியிருந்தது, ஆனால் சொன்னதிலிருந்து இம்மியும் இறங்கவில்லை. என் மடியில் வைத்துக் காது குத்திய பிள்ளை எனக்கு முன்னாலேயே பெரிய மனிதனாகிவிட்டான். பொறாமையாக இருந்தது. எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு அவனைப் பக்கத்தில் உட்கார வைத்தேன்.

"நான் போகலைன்னு இருக்கேன் மாப்ள" என்றேன். "பயமா இருக்கு. அம்புட்டும் புதுப் பயலுக. தனியாப் போயி நிக்கணும்."

மாமன் மருமகனிடம் சொல்கிற பேச்சா இது? ஆனால் சொன்ன பிறகு மூச்சு சரியாக வந்தது.

"பயமாத்தான் மாமா இருக்கும்" என்றான். "நீங்க இருந்த வரைக்கும் எனக்குப் பயம் தெரியல. உங்கள வண்டியேத்தி விட்டுட்டு வந்து பாத்தா, உங்க கட்டில்ல மெத்தையச் சுருட்டி வச்சிருக்காய்ங்க. அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல. ஆனா ஒண்ணு மாமா. வாயத் தொறந்தா நான் தனியாளுன்னு தெரிஞ்சுதான் தொறந்தேன்."

நான் டீக்கடையில் உட்கார்ந்து அவனைத் திட்டிக்கொண்டிருந்த நாளெல்லாம் அவன் அங்கே ஒற்றையாக ஓடியிருக்கிறான். அந்தக் கஷ்டத்தைத் தானே இழுத்துப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறான்.

கதவுக்கு வெளியே அக்கா இன்னும் முனகிக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டேன்.

"ரெண்டு பேருக்கும் சோத்தப் போடுக்கா. விடிஞ்சா எனக்கு ரயிலு."