கம்பத்தடியில் ஒரு செம்புத் தண்ணீர்

விடிந்தும் விடியாத நேரத்தில் மருத்துவிச்சி கத்தரீனா அறையை விட்டு வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "பிள்ளை குறுக்காக் கிடக்குது. இஞ்சை வைச்சு என்னாலை ஏலாது. ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேணும்" என்றாள்.

உள்ளே கிடப்பவள் ஞானசம்பந்தனின் ஒரே தமக்கை பர்வதவர்த்தினி. தலைப்பிள்ளைப் பேற்றுக்காக நயினாதீவுக்கு, தாய்வீட்டுக்கு வந்திருந்தாள். ஆனால் அவனுடைய பயத்துக்கு அடியில் சின்னதாக ஒரு பெருமையும் எட்டிப் பார்த்தது. அதை உணர்ந்தபோது அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் அது உண்மை. முதல் நாளே தீவுக்கு ஓடும் லாஞ்சிகள் நின்றுவிட்டன. வாடைக்காற்றில் கடல் குமுறிக்கொண்டு கிடந்தது. மீன்பிடி வள்ளங்களையெல்லாம் கரையில் வெகுதூரம் ஏற்றிக் கவிழ்த்துவிட்டார்கள். தபாற்கந்தோர்த் தொலைபேசி மூச்சுக் காட்டவில்லை. தீவிலிருந்து வெளியே ஒரு வார்த்தை போவதென்றால் அது அவனுடைய வானொலிப் பெட்டி இருந்த பக்கத்து அறையிலிருந்துதான் போகவேண்டும்.

அவன் யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞன். மாலை வகுப்பில் வானொலித் தொழில்நுட்பம் படித்து, சோதனை எழுதி, அனுமதிப்பத்திரம் எடுத்திருந்தான். கார் பற்றரியில் ஓடும், செய்தி அனுப்பவும் கேட்கவும் கூடிய பெட்டியைத் தானே கட்டினான். கட்டிய பிறகும், இது சரியாகத்தான் வேலை செய்கிறதா, அல்லது கொழும்பில் கேட்பவர்கள் மரியாதைக்காகக் கேட்கிறதென்று சொல்கிறார்களா என்று யோசிப்பான்.

பெட்டியை விட அதற்கு வேண்டிய கம்பம்தான் வீட்டில் பெரிய பிரச்சினையானது. ஊர்காவற்றுறையில் உடைத்த ஒரு வள்ளத்தின் பாய்மரத்தை அவன் துறையிலிருந்து வண்டியில் கொண்டுவந்து இறக்கியபோது, அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். அப்பா கோயிற் குருக்கள்.

"குருக்கள் வீட்டு வளவுக்குள்ளை மீன் வள்ளத்து மரமோ?"

"கம்பி கட்டத்தான் அம்மா. உயரமில்லாட்டிக் கேக்காது."

மூன்று நாள் பேசாமல் இருந்துவிட்டு அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். வளவுக்குள் கால் நடுவதென்றால் அதற்கொரு முறை இருக்கிறது. முறைப்படி நட்டால் அது மீன் வள்ளத்து மரமாக இராது. கலியாணத்துக்குக் கன்னிக்கால் நடுவதைப் போல, குழியில் நவதானியமும் பாலும் விட்டு, மாவிலை கட்டி, மஞ்சளும் குங்குமமும் பூசித்தான் அந்தப் பாய்மரம் நிமிர்ந்தது. அதன்பின் அவள் நாள் தவறாமல் காலையில் ஒரு செம்பு தண்ணீரும் வெள்ளிக்கிழமைகளில் பாலும் ஊற்றி, அடியில் செவ்வரத்தம்பூ வைத்தாள். தெருவால் போனவர்கள், "குருக்கள் வீட்டிலை ரெண்டாம் கொடிமரம். திருவிழா எப்பவாம்?" என்று கேட்டுச் சிரித்தார்கள்.

அம்மா கம்பத்தை ஏற்றுக்கொண்டதே பெரிய காரியம் என்று ஞானசம்பந்தன் இருந்துவிட்டான். சனிக்கிழமைகளில் வீட்டுக்கு வந்ததும் முதலில் கம்பத்தைத் தாங்கும் இழுகயிறுகளைப் பார்ப்பான். பிறகு கம்பி கட்டிய பீங்கான் குமிழ்களில் படிந்த உப்பைத் துடைப்பான். பிறகு கூரை முகட்டுக்கும் கம்பத்துக்கும் நடுவே ஓடும் செப்புக்கம்பியின் முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பான். கம்பத்தின் அடியை மட்டும் அவன் தொட்டுப் பார்த்ததில்லை. அங்கே பூ இருந்தது.

அன்று கத்தரீனா சொல்லி முடித்த கையோடு அவன் அறைக்குள் போய்ப் பெட்டியை முடுக்கினான். வால்வுகள் சிவந்து வந்தன. காதுக்கருவியை மாட்டிக்கொண்டு மோர்ஸ் சாவியில் விரலை வைத்தான். வெளியே ஏதோ முறிந்து விழுந்தது. மாட்டுக்கொட்டிலின் கூரை என்று நினைத்தான். காதில் அதுவரை இரைந்துகொண்டிருந்த உலகம் சட்டென்று ஊமையானபோதுதான் விளங்கியது.

கம்பம் மாட்டுக்கொட்டிலின் மேல் குறுக்கே விழுந்து நடுவிலும் பிளந்து கிடந்தது. இழுகயிறு ஒன்றும் அறவில்லை. நிலமட்டத்தில் மரம் ஊறின ரஸ்க் போலப் பொருபொருத்துப் போயிருந்தது. எத்தனையோ வருடம் கடலுப்பில் நின்று உளுக்காத மரம் அவர்கள் வளவின் நல்ல தண்ணீரில் உளுத்துவிட்டது. முறிவைச் சுற்றிக் குங்குமம் ஈரமாக ஒட்டியிருந்தது.

அவன் அங்கே நிற்கவில்லை. பின்வளவுப் பனைகளில் கம்பியைக் கட்டலாமென்று, பனையில் கள்ளுச் சீவும் வல்லிபுரத்தின் வீட்டுக்கு ஓடினான். வல்லிபுரம் கூடவே வந்தார். பனைகள் தலைவிரித்து ஆடுவதை அண்ணாந்து பார்த்தார். மட்டையொன்று பிய்ந்து அவர்கள் இருவருக்கும் நடுவில் வந்து விழுந்தது.

"ஏறிவிடுவன் சின்னையா. இறங்கி வருவனோ எண்டதுதான் தெரியாது" என்று சொல்லி மரமேறும் தளநாரைக் காலில் மாட்டினார்.

பாதி மரம்கூட ஏறவில்லை. ஈரத்தில் வழுக்கி, மரத்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டே கீழே வந்தார். நெஞ்சுத்தோல் கீறி இரத்தம் கசிந்தது. மறுபடி ஏறப் போனவரை ஞானசம்பந்தன்தான் கையைப் பிடித்து நிறுத்தினான். என்ன செய்யலாமென்று வரிசையாக யோசித்துப் பார்த்தான். வரிசை அங்கேயே முடிந்துபோயிற்று.

அப்போதுதான் அத்தான் சோமநாதன், பர்வதவர்த்தினியின் புருஷன், கேட்டார்:

"கம்பி எவ்வளவு பாரம்?"

"என்ன?"

"உம்முடைய செப்புக்கம்பி. பட்டம் தூக்குமோ எண்டு கேக்கிறன்."

சோமநாதனும் ஒரு கோயில் ஐயர்தான். ஆனால் தைப்பொங்கல் நெருங்கினால் அவருக்குப் பூசையும் நினைவிராது, சாப்பாடும் நினைவிராது. பொங்கலுக்கு ஏற்றவென்று பேற்று வீட்டுக்கே எட்டுமூலைப் பட்டமொன்றைக் கட்டிக் கொண்டுவந்து விறாந்தைக் கூரை வளையில் தொங்கவிட்டிருந்தார். போன வருடம் மழையில் கடதாசி கிழிந்ததால் இந்த வருடம் பொலித்தீன் ஒட்டியிருந்தார். "பிள்ளைக்குத் தொட்டில் கட்டுங்கோ எண்டால் மருமோன் பட்டம் கட்டுறார்" என்று அம்மா முதல்நாள்கூடச் சிணுங்கியிருந்தாள்.

ஞானசம்பந்தன் சுருளிலிருந்த மெல்லிய கம்பியைக் கையில் தூக்கிப் பார்த்தான். "தெரியாது அத்தான்."

"எனக்கும் தெரியாது. வாரும்."

நூலோடு கம்பியையும் கட்டிய பட்டத்தை வல்லிபுரம் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு வெட்டவெளிக்கு ஓடினார். முதல் தரம் அது தலைகீழாகக் குத்தி வேலியில் சிக்கியது. இரண்டாந் தரம் எழுந்தது, கம்பியின் பாரத்தில் ஒருபக்கம் சாய்ந்தது, பிறகு காற்று அதை நெஞ்சில் வாங்கிக்கொண்டு மேலே போயிற்று. கம்பி பெட்டியிலிருந்து யன்னல் வழியாக வெளியேறி, வளவைத் தாண்டி, சாம்பல் வானத்துக்குள் மறைந்தது. பட்டத்தின் தலையில் பூட்டியிருந்த விண் என்ற வில்நாண் அதிர்ந்து கூவத் தொடங்கியது. தீவு முழுக்கக் கேட்டிருக்கும்.

உள்ளிருந்து பர்வதவர்த்தினியின் குரல் வந்தது. நோவுக்கும் நோவுக்கும் நடுவில் கிடைத்த மூச்சில்.

"அம்மா, இந்த நேரத்திலையும் அவர் பட்டமோ விடுறார்?"

"ஓம் பிள்ளை" என்றாள் கத்தரீனா. "உனக்காகத்தான் விடுறார். விண் கூவுற மட்டும் நீ முக்காமல் மூச்சை இழுத்து விடு."

ஞானசம்பந்தன் சாவியைத் தட்டினான். காற்று பட்டத்தை இழுக்கும்போதும் விடும்போதும் கம்பி ஏறி இறங்கியது. அதற்கேற்பப் பெட்டியைத் திருகித் திருகிச் சரிசெய்யவேண்டியிருந்தது. கூப்பிட்டான். கேட்டான். இரைச்சல். மறுபடி கூப்பிட்டான். பற்றரி இறங்க இறங்க வால்வுகளின் சிவப்பு மங்கியது. தான் ஏதோ அடிப்படையான ஒன்றை மறந்துவிட்டுக் காற்றோடு பேசிக்கொண்டிருக்கிறோம் என்ற எண்ணம் அவனை விடவில்லை. ஒவ்வோர் இணைப்பையும் மறுபடி தொட்டுப் பார்த்தான். யன்னலுக்கு வெளியே சோமநாதன் நூலை இடுப்பில் சுற்றிக்கொண்டு பின்னால் சாய்ந்து நின்றார். உள்ளங்கை அறுந்து சால்வையெல்லாம் சிவப்பு.

"கேக்குதோ?"

"இல்லை."

"கேக்குதோ?"

"இல்லை அத்தான்."

மத்தியானம் ஆகிக்கொண்டிருந்தபோது, இரைச்சலின் அடியில், எறும்பு ஊர்வது போல ஒரு தாளம் கேட்டது. கொழும்பிலிருந்து ஒருவர். அவனுடைய அழைப்புக்குறியைத் திருப்பிச் சொன்னார். ஞானசம்பந்தன் செய்தியைத் தட்டினான்: நயினாதீவு, பிரசவம், குறுக்குப் பிள்ளை, படகு வேண்டும், காரைநகர்க் கடற்படைக்குச் சொல்லவும். இன்னொரு தரமும் தட்டினான். பதில் வந்தது. கிடைத்தது, பொறு என்றது. பிறகு விண் சத்தம் நின்றுவிட்டது.

நூல் அறுந்து, பட்டம் கம்பியையும் இழுத்துக்கொண்டு கடல் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. சோமநாதன் மணலில் மல்லாந்து கிடந்தார்.

கத்தரீனா வெளியே வந்தாள். "என்ன சொன்னவை?"

அவன் வாயைத் திறக்குமுன் அவளே தொடர்ந்தாள். "இந்தக் கடலிலை படகு வந்தாலும் துறையிலை கனநேரம் நிக்காது. இப்பவே தூக்கிக்கொண்டு போய் நிக்கவேணும். வராட்டி, மழைக்குள்ளாலை திருப்பிக் கொண்டு வாறதுக்கு இவள் தாங்கமாட்டாள். அதைச் சொல்லிப்போட்டன். வருதோ, இல்லையோ?"

எல்லாரும் அவனைப் பார்த்தார்கள். கிடைத்தது, பொறு. அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். படகு உண்டென்று யாரும் சொல்லவில்லை. தன் வாழ்நாளில் தெரியாத ஒன்றைத் தெரியுமென்று அவன் சொன்னதில்லை. தெரிந்ததைக்கூடத் தெரியுமென்று சொல்ல யோசிப்பவன் அவன்.

"வருது" என்றான்.

சாய்மனைக் கதிரைக்கு இரண்டு பக்கமும் தடி கட்டிப் பர்வதவர்த்தினியைத் தூக்கினார்கள். மேலே அம்மா பாயொன்றைப் பிடித்தாள். வழிநெடுக ஞானசம்பந்தன் தமக்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. துறையில் அலை இறங்குபாலத்துக்கு மேலால் ஏறி விழுந்தது. சோமநாதன் ஒரு தரம், "எப்ப வருமெண்டு சொன்னவை?" என்று கேட்டார். அவன் கடலைப் பார்த்தபடி, "இப்ப" என்றான். அதற்குப் பிறகும் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பர்வதவர்த்தினி கத்துவதை நிறுத்திவிட்டாள். அதுதான் எல்லாவற்றிலும் கொடுமையாக இருந்தது. கத்தரீனா அவள் வயிற்றில் குழலை வைத்துக் குனிந்து கேட்டாள். நிமிர்ந்தபோது அவன் பக்கம் பார்த்தாள். படகு வருமென்று தெரியாமலே அவன் சொன்னது அவளுக்கு விளங்கிவிட்டதென்று தோன்றியது.

சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி தெரிந்தபோது முதலில் கண்டது வல்லிபுரம். "சின்னையா, அங்கை" என்று கையை நீட்டினார். ஞானசம்பந்தன் கதிரைத் தடியைப் பிடிக்கக் குனிந்தான்.

படகு தமக்கையையும் கத்தரீனாவையும் சோமநாதனையும் ஏற்றிக்கொண்டு போனது. கடல் அடங்கி லாஞ்சி ஓட இரண்டு நாளானது. முதல் லாஞ்சியில் சோமநாதன் தனியாக வந்து இறங்கினார். இரண்டு கையிலும் சீலைக் கட்டு.

"அவள் தப்பீட்டாள்" என்றார். பிறகு, "ஆம்பிளைப் பிள்ளை. அது தங்கேல்லை. இன்னும் கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருந்தால் எண்டு டொக்டர் சொன்னவர்" என்றார். அதை அவர் யாரையும் குற்றம் சொல்லுகிற தொனியில் சொல்லவில்லை.

அப்பா கோயிலுக்குப் போகாமல் முற்றத்தில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். வீடு முழுக்கச் சாவுத் துடக்கு.

ஞானசம்பந்தன் வளவுக்குப் போனான். அம்மா கண்ணில் படுமுன் அந்த உளுத்த அடியைத் தோண்டி எடுத்துக் கடலில் போட்டுவிடவேண்டும் என்று இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருந்தான். எடுக்கத்தான் முடியாமல் இருந்தது. மண்வெட்டியோடு போனபோது அங்கே அடி இல்லை. குழி மண்ணால் மூடப்பட்டு, காலால் மிதித்து அமர்த்தப்பட்டிருந்தது. பூவும் இல்லை. அம்மா பக்கத்தில் வெறுஞ்செம்போடு குந்தியிருந்தாள். நகங்களுக்குள் மண்.

"காத்துத்தான் அம்மா" என்றான் அவன். "இந்தக் காத்துக்கு எந்தக் கம்பமும் நிண்டிராது."

அம்மா மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி ஊத்தினால் மரம் உளுக்குமெண்டு உனக்குத் தெரியும்தானே, தம்பி?"

அவனுக்கு ஒரு சனிக்கிழமை நினைவுக்கு வந்தது. கம்பத்தடியில் ஈரத்தைக் கண்டு, சொல்லலாமா என்று யோசித்த சனிக்கிழமை. தனக்கு மரத்தைப் பற்றி என்ன தெரியும் என்று விட்டுவிட்டு, பீங்கான் குமிழைத் துடைக்கப் போயிருந்தான்.

"யோசிச்சனான்" என்றான். "சரியாத் தெரியேல்லை."

அம்மா செம்பைக் கவிழ்த்து நிலத்தில் வைத்தாள்.

"அண்டைக்கு மட்டும் படகு வருதெண்டு சொன்னனீ" என்றாள். "அது உனக்குத் தெரிஞ்சோ சொன்னனீ?"

அவன் மண்வெட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.