மூன்று டென்வர் சுருள்கள்

1963-இன் கடைசியில் எமில் விர்பாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. தானியக் கிடங்கில் வேலை முடிந்து வந்ததும், தொப்பியைக்கூடக் கழற்றாமல் நாணயக் கடைக்காரன் மெர்லுக்குப் போன் போடுவான். அன்றைய விலையைக் கேட்டுக்கொண்டு, சமையலறைக்கும் வாசலுக்குமாக நடப்பான்.

அவனிடம் இருந்தவை காகிதத்தில் சுருட்டிய மூன்றே காசுச் சுருள். சுருளுக்கு நாற்பது வீதம், 1950-இல் டென்வர் நாணயச்சாலையில் அடித்த ஐந்து சென்ட் காசுகள், கைபடாதவை. அந்த வருஷம் அங்கே கொஞ்சமாகத்தான் அடித்தார்கள் என்று கேள்விப்பட்டு, அப்போதே வங்கியில் சுருள் இரண்டு டாலருக்கு வாங்கி வைத்தவன். 1964 பிறந்தபோது ஒரு சுருள் ஆயிரத்து நூறைத் தொட்டிருந்தது.

விலை ஏற ஏற அவன் மனைவி லியோனாவுக்குப் பயமும் ஏறியது. முந்தின அக்டோபரிலேயே அவன், வீட்டை அடமானம் வைத்து இன்னும் பத்துச் சுருள் வாங்கப்போவதாகச் சொல்லியிருந்தான்; அவள் கையெழுத்துப் போடாததால் அது தள்ளிப்போனது. இருப்பதையாவது காப்பாற்றுவோம் என்று, நவம்பரில் அவனுக்குத் தெரியாமல் மூன்றையும் ஒமாஹா நகரத்துக்குக் கொண்டுபோய் விற்றுவிட்டாள். அவை இருந்த பெட்டியில் சாதாரணக் காசுகளைச் சுருட்டி வைத்தாள். அதன்பின் அவன் அந்தப் பெட்டிப் பக்கம் போனாலே கையிலிருந்த வேலை அவளுக்கு ஓடாது.

மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, விலை ஆயிரத்து இருநூறு என்றான் எமில். மெர்லிடம் விற்கப்போகிறேன் என்று பெட்டியோடு காரில் ஏறினான். அவளும் ஏறிக்கொண்டாள். ரயில்வே கேட் தாண்டியதும் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஓரமா நிறுத்து, எமில்."

"பன்னெண்டுக்கெல்லாம் கடையச் சாத்திருவான்."

"பெட்டியில இருக்கறது உன் காசு இல்ல. நவம்பர்லயே வித்துட்டேன்."

வண்டியை ஓரங்கட்டி, அவன் ஒரு சுருளைப் பிரித்தான். 1957, 1961, மறுபடி 1961. ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்தான்.

"எவ்வளவுக்கு?"

"சுருளுக்குத் தொள்ளாயிரம். பேங்க்ல அப்படியே கெடக்கு."

"முந்நூறு போச்சு. சுருளுக்கு முந்நூறு."

"வீடு இருக்கில்ல."

இறங்கிப் பனியில் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தான். அப்படியே எங்காவது போய்விடுவானோ என்று அவள் கதவுப்பிடியில் கைவைத்துக் காத்திருந்தாள். திரும்பி வந்து வண்டியை வீட்டுக்கு ஓட்டினான். ஒன்பது நாள் முகம் கொடுக்கவில்லை. காபியைக்கூடத் தானே போட்டுக் குடித்தான்.

அடுத்த குளிர்காலத்துக்குள் விலை சரியத் தொடங்கியது. வாங்கிக் குவித்தவர்கள் எல்லாரும் விற்க ஓடினார்கள், வாங்கத்தான் ஆளில்லை. லியோனா அதைப் பேப்பரில் பார்த்துவிட்டு மடித்து வைத்தாள். ஒரு நாள் மாலை எமிலே வந்து சொன்னான்.

"மெர்ல் கடைய மூடிட்டான். வீட்டை வெச்சு வாங்கியிருக்கான், மடையன்."

அவள் உருளைக்கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"நானும் வெச்சிருப்பேன்," என்றான். "நீ என்னை ஒரு வார்த்தை கேட்டிருந்தா, விக்க விட்டிருக்க மாட்டேன்."

"அதான் கேக்கல."

கடகடவென்று சிரித்தான். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவள் கேட்ட முதல் சிரிப்பு அது.

மறுவாரமே வங்கியிலிருந்து ஐம்பது டாலருக்குச் சில்லறை வாங்கி வந்து மேசையில் கொட்டி, பழைய வருஷக் காசுகளைத் தேட ஆரம்பித்தான். விற்க இல்லையாம், ஆல்பத்தில் வைக்கத்தானாம். லியோனா அடுப்பைத் தணித்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். அவன் விரல்கள் போன வேகத்தில் நல்லதொன்றைத் தவறவிட்டுவிடுவானோ என்று அவளுக்குப் பதைத்தது. பாதிக் குவியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.