வீபேயின் முன்கூடாரம் தரைக்கு எட்டவில்லை

“இழு வீபே, இழு! என்ன தடவிக் குடுத்துக்கிட்டு இருக்க?”

“இழுத்துக்கிட்டுத்தான் இருக்கேன்! நீ அந்தப் பக்கம் தொங்காம இருந்தா தானா வரும்!”

“நானா தொங்குறேன்? இருபத்தாறு வருஷமா எல்லாத்தையும் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறவ நான்!”

ஜூலை மாதத்து முதல் சனிக்கிழமை. டச்சு நாட்டின் சீலாந்துக் கடற்கரையில், காரில் இழுத்துவரும் வீட்டு வண்டிகள் நிற்கும் எங்கள் கேரவன் முகாமில் அன்றைக்கு வேறு பொழுதுபோக்கே தேவையில்லை. வந்து இறங்குகிறவர்கள் கூடாரம் போடுவதைப் பார்க்கத் தோதாக எல்லோரும் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொள்வோம். ஆளுக்கு ஒரு காபி, ஒரு பிஸ்கட். அப்புறம் டப்பாவை மூடிவிடுவோம், அது எங்கள் ஊர் வழக்கம். நான் மட்டும் அன்று இரண்டாவது பிஸ்கட் எடுத்தேன் என்றால் விஷயம் எவ்வளவு பெரியது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போது பதினான்கு கோடையாக வீபே, ரின்ஸ்கே தம்பதிக்கு நேர் எதிரில்தான் எங்கள் கேரவன் நின்றது. அவர்கள் வீட்டுச் சங்கதியில் எனக்குத் தெரியாதது இருந்தால் அது அவர்களுக்கும் தெரியாததாகத்தான் இருக்கும்.

சங்கதி இதுதான். அதற்கு முந்தின வருடம் அவர்கள் மகள் யெல்டா தன் காதலன் லீவனை அழைத்து வந்தாள். பெல்ஜியத்துப் பையன், ஆள் பனைமரம். கேரவனில் மூன்று பேர் படுக்கத்தான் இடம். பாவம், காரில் மடங்கிப் படுத்து, மூன்றாம் நாள் கோணிய கழுத்தோடு ஊர் திரும்பினான். யெல்டா தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்: “அவருக்குக் கால் நீட்ட இடமில்லேன்னா இனிமே நானும் வரமாட்டேன். லீவே கிடையாதுன்னு நினைச்சுக்கறேன், இல்ல அவங்க வீட்டாரோட போய்க்கறேன்.”

ஒரே மகள். ரின்ஸ்கே அரண்டு போனாள். கேரவனின் பக்கவாட்டில் சேர்த்துக் கட்டும் துணி அறை, அதுதான் முன்கூடாரம், உள்ளே படுக்கைத் தடுப்போடு ஒன்று வாங்கியே தீரவேண்டும் என்றாள். வீபே விளம்பரம் பார்த்துப் பழையது ஒன்றை வாங்கினார். யெல்டா பெற்றோரோடு வந்துவிட்டாள், லீவன் அன்று மதியம் வருவதாக இருந்தது.

துணி ஒருவழியாகக் கூரையோரத்துக் குறுகிய பள்ளமான காடிக்குள் முழுவதும் ஏறிவிட்டது. நாங்கள் கைதட்டப் போன நேரம், அடி விளிம்பு புல்லைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. நாலு விரல் இடைவெளி, தாராளமாக என் செருப்பே நுழையும்.

“முக்கால் கால்சட்டை மாட்டிவிட்ட மாதிரி இருக்கே!” என்றேன். சொல்லாமல் இருக்க நான் என்ன சாமியாரா?

“ரெண்டு தடவை அளந்தேன்!” வீபேயின் முகம் தக்காளியானது. “தரையிலேர்ந்து மேலே, கூரையைச் சுத்தி, மறுபடி தரை வரைக்கும். நம்ம வீட்டு வாசல்ல நிறுத்தி வச்சு அளந்தேன்!”

“அளந்த லட்சணம் தெரியுது,” என்றாள் ரின்ஸ்கே.

அதற்குள் கடற்காற்று அந்த இடைவெளியைக் கண்டுபிடித்துவிட்டது. துணி உப்பியது. கம்பி ஒன்று பறந்து என் காபிக் கோப்பையைத் தட்டியது. விளிம்பைப் பிடித்திருந்த வீபே நுனிக்காலில் நின்றார். “பிடிங்க! யாராவது பிடிங்களேன்!” என்று யெல்டா அலற, நாற்காலிகளை உதறிவிட்டு வரிசை முழுக்க ஓடினோம். ஆளுக்கு ஒரு மூலை. எனக்கு வாழ்நாளில் இப்படி ஒரு சனிக்கிழமை வாய்த்ததில்லை.

அந்த அமளியில் லீவன் வந்து நின்றான், அக்குளில் தலையணையோடு. தலையணையைக் கீழே போட்டுவிட்டுத் துணியைப் பிடித்தான். பிறகு குனிந்து சக்கரத்தைப் பார்த்தான்.

“சார், வீட்ல அளக்கும்போது இந்த ஆப்பு இருந்துச்சா?”

எல்லோரும் குனிந்து சக்கரத்தைப் பார்த்தோம். எங்கள் முகாமில் தரை கதவுப் பக்கம் சரியும். அந்தப் பக்கச் சக்கரத்துக்கு அடியில் வீபே ஒவ்வொரு வருடமும் மஞ்சள் ஆப்பு வைத்து வண்டியை உயர்த்துவார். ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும்வரை தாமே சாப்பிடமாட்டார், யாரையும் சாப்பிடவும் விடமாட்டார். அவர் மேசையில் முட்டை உருளாது என்று வருகிறவர்களுக்கெல்லாம் வைத்துக் காட்டுவார். வண்டி உயர்ந்ததும் துணியும் கூடவே உயர்ந்துவிட்டது.

“ஆப்பை எடுத்தா வண்டி சாயும்,” என்றார் வீபே மெதுவாக.

“சாயட்டும்ப்பா,” என்றாள் யெல்டா.

வீபே மகளைப் பார்த்தார். ஜன்னலோரத்தில் இருந்த ரசமட்டத்தை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“வண்டியைத் தாங்குற மூலைக் கால்களை மடக்குங்க! பாதிப் பேர் துணி, பாதிப் பேர் வண்டி!” என்று கத்தினார்.

“சார், நான் முன்னாடி...”

“சார் எல்லாம் வேணாம்டா, பேரைச் சொல்லு!”

“சரி வீபே, தள்ளுங்க!”

ஒன்று, இரண்டு, மூன்று! சக்கரம் ஆப்பிலிருந்து தொப்பென்று இறங்கியது. விளிம்பு புல்லில் படிந்தது. காற்று வெளியே நின்றுவிட்டது. பக்கத்து வரிசையிலிருந்துகூட விசில் வந்தது. ரின்ஸ்கே முதல் முளையை அடித்துவிட்டு, எல்லோருக்கும் இரண்டாவது பிஸ்கட் கொடுத்தாள். எனக்கு அது மூன்றாவது என்று நான் சொல்லவில்லை.

அந்த மூன்று வாரமும் அவர்கள் வண்டியில் சூப் ஒரு பக்கமாகவே நின்றது. தூக்கத்தில் ரின்ஸ்கே உருண்டு உருண்டு வீபேயின் மேல் வந்து விழுந்தாள். இரண்டு பேரும் அதைப் பற்றிப் புகார் சொன்னதாக எனக்குத் தகவல் இல்லை. லீவன் கால் நீட்டிக் குறட்டை விட்டதை எங்கள் படுக்கையிலிருந்தே கேட்டேன்.

மறு மே மாதம் யெல்டாவுக்கும் லீவனுக்கும் திருமணம். அவள் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்துக்குக் குடிபோய்விட்டாள். ஆனாலும் ஜூலை முதல் சனிக்கிழமை இருவரும் தவறாமல் வந்து அதே கூடாரத்தில் படுக்கிறார்கள். நானும் இடம் மாறிவிட்டேன். பழைய இடத்தில் வேலிச்செடி வளர்ந்து பார்வையை மறைத்ததால், அவர்களுக்கு இன்னும் பத்தடி கிட்டத்தில்.